குரல் வெட்டப்பட்ட ஏழாவது பாட்டு

மேர்லின் தன்னைப் பாடகி என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. கல்லடிக் கடற்கரையை ஒட்டிய ஒழுங்கையொன்றில் பிறந்தவள். மாதா கோவிலின் ஞாயிற்றுப் பூசையில் பாடற்குழுவின் பின்வரிசையில் நிற்பாள். மெட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் முன்வரிசைக்காரிகள் மூச்சு வாங்க, இவளுடைய குரல் மட்டும் தனியாகக் கேட்கும். அவ்வளவுதான் அவளுடைய சங்கீதம்.

2004ஆம் ஆண்டு மார்கழி இருபத்தாறும் ஒரு ஞாயிறு. மேர்லின் கோவிலில் இருந்தாள். காய்ச்சலென்று வீட்டில் படுத்திருந்த தாய் செசீலியாவைக் கடல் கொண்டுபோயிற்று. மூன்றாம் நாள் வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் உடல் கிடைத்தது. தகப்பன் முன்பே இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. இருபத்திரண்டு வயதில், பள்ளிக்கூட மைதானமொன்றில் நட்ட நீலக் கூடாரத்துக்குள் அவள் தனியாளாய்ப் போய் உட்கார்ந்தாள்.

பூசைக்குப் புறப்படும்போது தாய் கஞ்சி கேட்டிருந்தாள். "வந்து வச்சித் தாறன்" என்று சொல்லிவிட்டுப் போனவள் மேர்லின். அந்த வார்த்தை அவளை விடவில்லை. உடுப்புக் கழுவும்போதும், தண்ணீர் வண்டிக்கு வரிசையில் நிற்கும்போதும் அதை முணுமுணுத்தாள். முணுமுணுப்பு மெல்ல மெல்ல ஒரு பாட்டாயிற்று. அடுத்த வரிசைக் கூடாரத்திலிருந்த பற்றிக் அதைக் கேட்டான். இரும்பு ஒட்டும் பட்டறையில் வேலை செய்தவன், அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவன். உப்புத் தண்ணீரில் ஊறிப் பின்பலகை வெடித்த கித்தார் ஒன்றைப் பசை வைத்து ஒட்டி வைத்திருந்தான். அரிசி லொறியோடு காத்தான்குடியிலிருந்து வந்துபோன சாலிஹ், றபான் என்ற ஒருபக்கத் தோல்மேளத்தைத் தட்டினான். நாவற்குடாவைச் சேர்ந்த அன்ரோ, பள்ளிக்கூட பாண்டில் ட்ரம் அடித்துப் பழகியவன், தகரப் பீப்பாவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டான். நான்கு பேரும் தங்களுக்கு "முகத்துவாரம்" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வாவியும் கடலும் முட்டிக்கொள்ளும் இடம் அது.

முகாமுக்கு வந்த வெளிநாட்டுக்காரரும் கொழும்புக்காரரும் "கஞ்சிப் பாட்டை" பாடச் சொன்னார்கள். மேர்லின் பாடினாள். அவர்கள் அழுதார்கள்; படம் எடுத்தார்கள்; அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணொருத்தி தன்னுடைய கதையையும் சொல்ல வாய் திறந்தாள். பதினாறு வயது மகளைச் சண்டைக்கென்று பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருஷம். மொழிபெயர்க்க வந்த பையன் ஒரு வசனம் கேட்டான். பிறகு கமராக்காரரிடம் வேண்டாமென்று தலையை ஆட்டினான். கமரா கிறுகி மறுபடியும் மேர்லினுடைய முகத்துக்கு வந்தது.

அன்றைக்குத்தான் மேர்லினுக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. தன்னுடைய கண்ணீருக்கு அனுமதி இருக்கிறது, அந்தத் தாயுடையதற்கு இல்லை என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

கூடாரம் போய்ச் சீமெந்து வீடு வந்தபின், டவுனில் முகைதீன்பாவா நடத்திய கொமினிகேசன் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுப்பது, தட்டச்சு, போட்டோக் கொப்பி. 2006இல் சண்டை மறுபடி மூண்டது. அதன் பிறகு கொப்பி அடிக்க வந்தவை பெரும்பாலும் ஒரே வகைக் கடிதங்கள். செஞ்சிலுவைக்கு ஒன்று, மனித உரிமைக்கு ஒன்று, பொலிசுக்கு ஒன்று, ஜனாதிபதிக்கு ஒன்று, பிசப்புக்கு ஒன்று. சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. வேலிக்கு வெளியே கூப்பிட்டார்கள், போனான், காணவில்லை. வெள்ளை வான் வந்தது, ஏற்றிக்கொண்டு போனது.

"மகள், ஆக்கள்ட கடிதத்த வாசிக்கப்படாது. கொப்பி அடிச்சுக் குடுக்கிறதுதான் நம்மட வேல" என்றார் முகைதீன்பாவா.

"வாசிக்காம எப்படிக் காக்கா? தாள நேரா வைக்கக் கண் வேணுமே." ஊரில் எல்லாரையும்போல அவளும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள்.

கிழவர் தாள்கட்டை எடுத்து மெசினுக்குள் வைத்தார். காணாமல்போன அவருடைய மருமகனுக்காகவும் அப்படியொரு கடிதம் அந்த மெசினில் போயிருந்தது.

எல்லாக் கடிதத்திலும் ஓரிடம் வரும்: போகும்போது உடுத்திருந்தது. எழுத்துத் தெரியாத தாய்மாருக்குப் பிறர் எழுதிக் கொடுத்த கடிதங்கள் அவை. மற்ற வசனங்களெல்லாம் "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்ற காகித மொழியில் இருக்கும். இந்த ஓரிடத்தில் மட்டும் அந்தத் தாயே பேசுவாள். செருப்பின் வார் அறுந்து கம்பியால் கட்டியிருந்ததைச் சொல்வாள். களிசான் முழங்காலில் கிழிந்திருந்ததைச் சொல்வாள். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் மேர்லினுடைய கை மெசின் மூடியிலேயே நின்றுவிடும்.

2009 வைகாசியில் போர் முடிந்தது. டவுனில் வெடி கொளுத்தினார்கள். கடைகளில் கொடி கட்டச் சொன்னார்கள், முகைதீன்பாவாவும் கட்டினார். மறுநாள் காலையில் கடை திறந்தபோது, கொடிக்குக் கீழே இரண்டு பெண்கள் கடிதத்தோடு நின்றார்கள்.

அந்தக் கிழமைதான் மேர்லின் பாட்டை எழுதினாள். ஒன்பது பேருடைய உடுப்புகள், வேறொன்றும் இல்லை.

*நீலக் கோடு போட்ட சாறன்,*
*கையில்லாத பெனியன்,*
*வார் அறுந்த செருப்புக்குக்*
*கம்பி கட்டிப் போனவன் —*
*ஆராவது பாத்தீங்களா?*

பற்றிக் அதற்கு மெட்டுப் போட்டான். சாலிஹின் றபான் தொடக்கத்தில் நடைபோல வரும், போகப்போக ஓட்டமாகும், கடைசியில் அன்ரோவின் ட்ரம்மும் கித்தாரும் சேர்ந்து கதவில் இடிப்பதுபோல இடிக்கும். முகத்துவாரத்தின் பாட்டுகளிலேயே அது ஒன்றுதான் கேட்பவனை நிற்க வைத்தது.

அடுத்த வருஷம், நல்லிணக்கம் என்று பெயர் போட்ட நிறுவனமொன்று அவர்களைத் தேடி வந்தது. மூன்று சமூகமும் கேட்கக்கூடிய பாட்டு இறுவட்டு ஒன்று வேண்டுமாம், கொழும்பில் ஒலிப்பதிவாம். அலுவலர் ஜெரோம் கொழும்புத் தமிழர், மரியாதையானவர். பாட்டுகளைக் கேட்டார், தலையசைத்தார். நான்கு நாள் கொழும்பில் தங்கிப் பத்துப் பாட்டுப் பதிந்தார்கள். ஏழாவதாக இந்தப் பாட்டு. பதிவு செய்த சிங்களப் பொடியன் பாட்டு முடிந்ததும் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, இது என்ன பாட்டு என்று பற்றிக்கிடம் கேட்டான். பற்றிக் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான். அவன் எழுந்துவந்து மைக்கை மேர்லினுடைய வாய்க்கு இன்னும் கிட்ட வைத்து, இன்னொருமுறை பாடச் சொன்னான்.

வெளியீட்டு விழா மட்டக்களப்பு டவுனில். அன்று காலைதான் இறுவட்டுப் பெட்டி வந்தது. மேர்லின் ஒன்றை எடுத்துக்கொண்டு கொமினிகேசனுக்கு ஓடினாள். அட்டையில் அவளுடைய படம், பின்னால் கடல். பெயர்ப்பட்டியலில் விரல் வைத்து வந்தாள். ஏழு: "வாவியின் அமைதி (இசை மட்டும்)".

கொம்பியூட்டரில் போட்டாள். கித்தார் இருந்தது, றபான் இருந்தது, ட்ரம் இருந்தது. அவளுடைய குரல் இல்லை. குரல் நின்ற இடங்களிலெல்லாம் தண்ணீர்ச் சத்தம் போட்டிருந்தார்கள். நடுவில் ஏதோ ஒரு ரீங்காரம்.

"இது என்ன சத்தம் மகள்?" என்றார் முகைதீன்பாவா.

"மீன் பாடுதாம் காக்கா." மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்கள்; அதைக் கேட்கவே வெளியூரார் வருவார்கள்.

மேர்லினுக்குக் கோபம் வந்தால் சத்தம் எழும்பாது. குரல் கீழே இறங்கிப்போகும். மண்டபத்துக்குப் போய் ஜெரோமுக்கு முன்னால் நின்றபோது, அவள் பேசுவது பக்கத்தில் நின்ற அன்ரோவுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சேர், என்ட குரல் எங்க?"

ஜெரோம் அவளை ஒரு ஓரமாகக் கூட்டிப்போனார். "கோபப்படாதீங்க மேர்லின். போர் முடிஞ்சு ஒரு வருஷம்தானே ஆகுது. மேலிடத்துல கேட்டுப் பார்த்தாங்க. உங்க அம்மா பாட்டு எல்லாரையும் ஒண்ணு சேர்க்குது. இது பிரிக்குதுன்னு சொல்றாங்க."

"இதில ஆரு கொண்டு போனதெண்டு ஒரு சொல் இரிக்கா? ஆர்மி எண்டு இரிக்கா? இயக்கம் எண்டு இரிக்கா? சேட்டும் சாறனும் செருப்பும்தானே சேர் இரிக்கு. செருப்பு ஆரப் பிரிக்கும்?"

"எனக்கு விளங்குது. ஆனா…"

"எங்கட அம்மா கடலில செத்தா. கடலக் கோர்ட்டுக்கு இழுக்க ஏலா. அதுதானே உங்களுக்கு வசதி? மீன் பாடுறதக் கேக்க இவ்வளவு தூரம் வாறீங்க. மனிசர் பாடினா மட்டும் கேக்காதா?"

ஜெரோம் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பற்றிக் உங்ககிட்ட சொல்லலையா? போன கிழமையே அவருக்குக் கோல் எடுத்துச் சொன்னேனே."

மேர்லின் கிறுகிப் பார்த்தாள். பற்றிக் கித்தார்க் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"தம்பி இன்னும் உள்ளதான் இரிக்கான் மேர்லின்" என்றான் மெதுவாக. போர் முடிவில் பிடிபட்ட அவனுடைய தம்பி அரசின் புனர்வாழ்வு முகாமில் இருந்தான். "இந்த மாசம் விடுவம் எண்டு சொல்லியிரிக்காங்க. நான் என்ன செய்யச் சொல்லுற? இண்டைக்கு மட்டும் அம்மாட பாட்டப் பாடிட்டுப் போவம்."

அவளால் அவனைத் திட்ட முடியவில்லை. முடியவில்லை என்பதே இன்னும் எரிச்சலாக இருந்தது. நெஞ்சுக்குள் இருந்த கோபத்தைப் பங்குபோட்டுப் பாதியை ஜெரோமுக்கும் பாதியைப் பற்றிக்குக்கும் கொடுக்கலாமென்றால், இருவருக்குமே கொடுக்க முடியாதபடி அவரவருக்கொரு காரணம் இருந்தது. காரணம் இல்லாதவர்கள் யாரும் அந்த மண்டபத்துக்கு வரவில்லை.

முன்வரிசையில் அதிகாரிகள் வந்து அமர்ந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். மூன்று மொழியில் வரவேற்றார்கள். சுனாமியில் தாயை இழந்த மகளென்று சொல்லி மேர்லினை அழைத்தார்கள். கை தட்டினார்கள். மேர்லின் மைக்குக்கு முன்னால் போனாள்.

"ஏழாம் பாட்டில என்ட குரல வெட்டிப் போட்டாங்க" என்றாள். "ஒன்பது தாய்மார்ட கதை அது. அதப் பாடவிடாத இடத்தில நான் எங்கட அம்மாட பாட்டையும் பாடமாட்டன். எங்கட அம்மா ஆருக்கும் மறைப்புத் துணியில்ல."

இறங்கினாள். நடுவழியால் நடந்து வெளியே போனாள். சிங்களத்தில் மொழிபெயர்க்க நின்ற பெண் மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

நண்பகல் வெயிலில் கல்லடிப் பாலத்தில் நடக்கும்போதுதான் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள். இனி யார் வருவார்கள், எந்த வாகனம் பக்கத்தில் நிற்கும் என்று பயம். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து பக்கத்தில் நிற்கத்தான் செய்தது. றபானைத் தோளில் கட்டியபடி சாலிஹ்.

"ஏறு" என்றான். ஏறினாள். பாலம் முடிந்ததும் சாலிஹ், "நாமளே பதிவம். நம்மட பாட்டுக்கு ஆருட சீல் வேணும்?" என்றான்.

நாவற்குடாவில் அன்ரோவின் வீட்டுப் பின்னறையில் பதிந்தார்கள். சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்த மெத்தைகளைச் சுவரெங்கும் சாத்தி வைத்தார்கள். கொம்பியூட்டரை முகைதீன்பாவா கடையிலிருந்து தூக்கிக் கொடுத்தார், எதற்கென்று கேட்கவேயில்லை. ஐப்பசி மழை தகரத்தில் விழத் தொடங்கினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மழை விட்டால் தெருவில் ஓட்டோ. ஓட்டோ போனால் கோவில் ஸ்பீக்கர். ஒரு பாட்டுக்கு இரண்டு நாள் பிடித்தது.

மூன்றாம் கிழமை பற்றிக் வாசலில் வந்து நின்றான். கையில் கித்தார்.

"தம்பி வந்திட்டானா?" என்று கேட்டாள் மேர்லின்.

"இன்னும் இல்ல. அட்டையில என்ட பெயரப் போடாதீங்க. ஆனா நான்தான் வாசிப்பன்."

அவள் ஒதுங்கி வழி விட்டாள். அட்டையில் கித்தார் என்ற இடத்தில் பெயர் இல்லாமல் ஒரு கோடு மட்டும் போட்டார்கள். இறுவட்டின் பெயர்: "போகும்போது உடுத்திருந்தது". கடைக்குத் திரும்பிய கொம்பியூட்டரில் ஒவ்வொன்றாகப் பதிந்து எடுத்தார்கள்; அட்டையும் அதே போட்டோக் கொப்பி மெசினில்தான். ஆனால் இறுவட்டைவிட வேகமாகப் போனது கைத்தொலைபேசி. பஸ்ஸில், சலூனில், வயலில் கதிர் அறுக்கிற இடத்தில், ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு ஏழாவது பாட்டு தாவித் தாவிப் போயிற்று. மேர்லின் தான் வென்றுவிட்டதாகவே நினைத்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கல்குடாவிலிருந்து சீதேவி என்ற பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும், காய்ந்த மெல்லிய உடம்பு. கடைக்குள் வந்து, கையிலிருந்த போனை மேசையில் அடித்து வைத்தாள்.

"இதப் பாடினது நீயா?"

"ஓம், நான்தான்."

"அஞ்சாவதா வாற, முழங்கால் கிழிஞ்ச களிசான் போட்ட வெள்ளச் சேட்டுக்காரன் ஆரு? களிசான் என்ட மகன்ட."

மேர்லினுக்கு நினைவிருந்தது. வாழைச்சேனைக்கு டயர் ஒட்டப் போன பத்தொன்பது வயதுப் பொடியன். பெயர் நிதுர்ஷன். கடிதத்தில் சேட்டைப் பற்றிப் பொத்தான்வரை நீளமாக எழுதியிருந்தது. பாட்டின் வரிக்குள் அடங்கவில்லை. வெள்ளைச் சேட்டு என்று சுருக்கிவிட்டாள்.

"உங்கட மகன்தான் அம்மா."

"என்ட மகன் வெள்ளச் சேட்டுப் போடல்ல!" சீதேவியின் குரலில் கடையே அதிர்ந்தது. "கத்தரிப்பூ நிறத்தில கட்டம் போட்ட சேட்டு. ரெண்டாம் தெறி அறுந்து நான் கறுப்பு நூலால தைச்சுக் குடுத்த சேட்டு. வெள்ளச் சேட்டு எண்டா ஊரில உள்ளவனெல்லாம் போடுவான். இந்தப் பாட்டக் கேட்டு ஒருத்தன், ஓம், அப்பிடி ஒரு பொடியனக் கண்டன் எண்டு சொல்ல வேண்டிய நேரத்தில, வெள்ளச் சேட்டெண்டு தேடினா அவன் என்ட புள்ளய விட்டுப்போட்டு வேற ஆரையும் பாத்திட்டுப் போயிருவான். ஆருட்டக் கேட்டு மாத்தின? ஆருட்டக் கேட்டு எடுத்த?"

தன்னுடைய குரலை வெட்டினார்களென்று மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால் சொன்னவள் மேர்லின். ஒரு தாயுடைய சொல்லை, மெட்டுக்கு இடிக்கிறதென்று தானே வெட்டியிருக்கிறாள். கேட்காமல் எடுத்ததும் அவள்தான். ஜெரோமுக்காவது வெட்கத்தில் கைக்குட்டை எடுக்கத் தோன்றியது.

"பிழை விட்டுட்டன் அம்மா. திருப்பிப் பாடுறன்."

"பாடு. நான் இருந்து கேட்டுட்டுத்தான் பஸ் ஏறுவன்."

அன்று மழை. மெத்தை அறையில் சீதேவி ஒரு கதிரையில் இருந்தாள், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு. "கத்தரிப்பூ நிறத்தில கட்டம் போட்ட சேட்டு, ரெண்டாம் தெறி கறுப்பு நூலால தைச்சது." எப்படிப் பாடினாலும் அந்த வரி தாளத்துக்கு வெளியே வழிந்தது. அன்ரோ நான்குமுறை அடித்துப் பார்த்துவிட்டுக் கம்பை வைத்தான்.

"இது ஏலாது. நிறத்த மட்டும் சொல்லுவமா?"

"தெறியும் வேணும்" என்றாள் சீதேவி.

"அம்மா, நீங்களே அந்த வரியச் சொல்லுறீங்களா?" என்றான் பற்றிக்.

"நான் அஞ்சு ஒபிசில சொல்லி அலுத்துப் போனன். இனி வேற ஆராவது சொல்லட்டும்."

அந்த வரிக்குத் தாளத்தை முழுதாக நிறுத்திவிட்டுப் பாடினாள் மேர்லின். றபான் நின்றது, கித்தார் நின்றது. வரி முடிந்தபின் சாலிஹ் மறுபடியும் பிடிக்கும்போது அரைத்தாளம் பிந்திற்று. திருத்துவோமா என்று கேட்டான். மழை வலுத்துவிட்டது, திருத்தவில்லை. சீதேவி காதில் போட்டுக் கேட்டாள். சரியென்று தலையசைத்தாள். அழவில்லை. கடைசி பஸ் போய்விடுமென்று எழுந்தாள்.

அதன் பிறகு மேர்லின் மற்ற எட்டு வீட்டுக்கும் போனாள். போகாமல் இருக்க அவளால் முடியவில்லை. இரண்டு வீட்டில் வேண்டாமென்றார்கள்; மற்றப் பிள்ளைகளுக்கு ஆபத்து என்றார்கள். அந்த வரிகளை எடுத்தாள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை; அதையும் எடுத்தாள். மற்ற ஐந்து வீட்டிலும் உட்கார வைத்து, அவள் எழுதியதைத் திருத்தினார்கள். நீலக் கோடு அல்ல, பச்சைக் கோடு. பெனியனில் பீடிச் சூட்டில் விழுந்த ஒரு ஓட்டை. ஆறு பேரோடு பாட்டு மூன்றாம்முறை பதிவாயிற்று. இப்போது அது தாளம் தப்பித் தப்பி வரும். கேட்கச் சுகமான பாட்டு இல்லை.

அடுத்த மாசியில் சிவில் உடுப்பில் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். பாட்டை எழுதியது யார், இசை யார், அட்டையில் கோடு போட்ட இடத்தில் இருப்பவன் யார் என்று கேட்டார்கள். முதலிரண்டுக்கும் மேர்லின் தன்னுடைய பெயரைச் சொன்னாள். மூன்றாவதற்கு, கித்தாரும் தான்தான் என்றாள். அவர்களுக்கு முன்னால் மூன்று விரலால் கித்தார் பிடிப்பதுபோல் காட்டவும் செய்தாள். முகைதீன்பாவா உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அவர்கள் குடிக்கவில்லை. கொம்பியூட்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். அது திரும்பி வரவில்லை.

பயந்துபோன அன்ரோ கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போனான். பற்றிக்கின் தம்பி அந்த வருஷக் கடைசியில் வந்தான். பற்றிக் அவனோடு பட்டறையைத் திறந்தான். முகத்துவாரம் அதோடு முடிந்தது. அவர்களே போட்டது ஒரேயொரு இறுவட்டு.

மேர்லின் அந்தக் கடையிலேயே இருக்கிறாள். பாட்டு எழுதுவதில்லை. இப்போதெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள். சில வருஷங்களுக்குப் பின் காணாமல் போனவர்களை விசாரிக்கப் புதிதாக ஒரு ஆணைக்குழு வந்தபோது, சீதேவி அவளையும் கூட்டிக்கொண்டு போனாள். கொடுத்த படிவத்தில் பெயருக்கு ஒரு வரி, அடையாள அட்டைக்கு ஒரு வரி, உடைக்கு ஒரு வரி. மேர்லின் உடைக்கான வரியில் எழுதத் தொடங்கினாள். கோட்டைத் தாண்டி ஓரத்தில் ஏறி, பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போனது எழுத்து.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி எட்டிப் பார்த்தார். "அந்த வரிக்குள்ள எழுதுங்க மிஸ்."

"அடங்காது" என்றாள் மேர்லின். அவளுடைய குரல் கீழே இறங்கியிருந்தது. "நீங்க வேற தாள் தாங்க."

அதிகாரி அவளைப் பார்த்தார், சீதேவியைப் பார்த்தார், பின்னால் வாசல்வரை நின்ற வரிசையைப் பார்த்தார். லாச்சியைத் திறந்து வெள்ளைத் தாளொன்றை எடுத்து நீட்டினார். பின்னால் நின்ற பெண் உடனே கையை நீட்டி, "எனக்கும் ஒண்டு" என்றாள்.